எருமைக்குக் கல்யாணச் சாப்பாடு

அந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கங்க தம்பி, உக்காந்துக்கிறேன். ஆங், போதும் போதும். திண்டுக்கல்லா? டிக்கெட்டைப் பாத்தேன். நான் வத்தலக்குண்டுலயே இறங்கிருவேன். நியாயத்துக்கு இந்தப் பஸ்ஸுல நான் ஏறியிருக்கவே கூடாது. பின்னாலயே சாதா பஸ் வருது, பத்து ரூவா கம்மி. கம்பம் ஸ்டாண்டுல கண்டக்டர், "ஏறு பெருசு, ஏறு"ன்னு என் பையைப் பிடுங்கி உள்ள போட்டுட்டான். பை உள்ள போனா ஆளும் உள்ள போகத்தானே வேணும். இப்படித்தான் நாட்டுல அம்புட்டுப் பேரும் காசைத் தொலைக்கிறாய்ங்க.

நீங்க போன்ல பேசுனது காதுல விழுந்துச்சு. ஒட்டுக் கேக்கல. பக்கத்துல நின்னா கேக்கத்தானே செய்யும். தவிடு மூட்டை என்ன விலைன்னு கேட்டீங்க. எட்டு எருமைக் கன்னு வாங்கிக் கறிக்கு வளக்கப் போறதா சொன்னீங்க. கேரளாக்காரன் வந்து வாங்கிக்குவான்னு சொன்னீங்க. அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. உங்களைப் பாத்து இல்ல, கோவிச்சுக்கிடாதீங்க. கன்னு விலையை அந்த ஆளுகிட்ட அரை மணி நேரம் பேசிக் குறைச்சீங்க பாருங்க, தவிட்டு விலையைக் கேட்டதும் சரி அனுப்புங்கன்னுட்டீங்க. கறி மாட்டுப் பண்ணையில காசு கன்னு வாங்குறதுல போறதில்ல தம்பி. வாயில போகுது. நூறு ரூவா செலவுன்னா எழுபது ரூவா அது வாய்க்குள்ள போயிரும். அந்த வாயை யாரு கட்டுறானோ அவன்தான் பண்ணைக்காரன். மத்தவன் எல்லாம் எருமைக்கு வேலைக்காரன்.

எனக்கு எப்படித் தெரியும்னு கேக்குறீங்களா? என் பேரு சூசைமாணிக்கம். பஞ்சு மில்லுல ஸ்டோர் கீப்பரா இருந்தவன். முப்பது வருஷம். என் கையெழுத்து இல்லாம ஒரு பல்பு ஸ்டோரை விட்டு வெளிய போனதில்ல. வேலை செய்யிற பொம்பளைங்க, இருட்டுல நூல் அறுந்தது தெரியலண்ணேன்னு வந்து நிப்பாங்க. கண்ணை நல்லாத் தொறந்து பாருங்கம்மான்னு அனுப்பிருவேன். அந்த மில்லு இழுத்து மூடுற வரைக்கும் ஒரு நட்டு வீணாப் போகல. மூடுனது வேற விஷயம். முதலாளிக்கு நேரம் சரியில்ல.

வீட்டுலயும் அப்படித்தான். சம்சாரம் அவ அண்ணன் வீட்டுக்குப் போயி ஒம்பது வருஷமாச்சு. அடுப்புச் செலவு பாதியாக் குறைஞ்சு போச்சு.

சரி, விஷயத்துக்கு வாரேன். எங்க அக்கா, லூர்தம்மா. கூடலூர் போற வழியில ஒண்ணரை ஏக்கரும் ஒரு ஓட்டு வீடும் இருக்கு. மச்சான் லாரி ஓட்டுனாரு. குமுளி மலையில ஏலக்காய் லோடு ஏத்திட்டு வரும்போது வண்டி உருண்டு போயிச் சேந்துட்டாரு. கேஸு நடந்து, இழுத்து, ஒரு வழியா நஷ்ட ஈடு வந்துச்சு. வந்த பணத்தை வங்கியில போட்டுட்டு உக்காருன்னு நான் சொன்னேன். கேக்கல. பால் பண்ணைக்காரன் வேண்டாம்னு தள்ளுற கடாக் கன்னு பதினொண்ணை வாங்கிக் கொட்டகை போட்டுருச்சு. என்ன திட்டம்னா, அதுகளை வளத்துக் கிறிஸ்மஸுக்குக் கேரளாவுக்கு வித்து, மக செலினை நர்சு படிக்க வைக்கிறது. பிள்ளைக்குக் கோட்டயத்துல காலேஜு சீட்டும் கிடைச்சிருச்சு. முதல் தவணை கட்டிச் சேத்தாச்சு. கிறிஸ்மஸு முடிஞ்சதும் மிச்சத்தைக் கட்டணும், இல்லாட்டி பிள்ளை வீட்டுக்குத் திரும்பணும். அம்புட்டும் அந்த எருமை முதுகுலதான் நின்னுச்சு.

பொம்பளை தனியாக் கஷ்டப்படுதேன்னு நானே கிளம்பிப் போனேன். கூப்பிடல. கூடப் பொறந்தவன், கூப்பிட்டாத்தான் போகணுமா?

போயிப் பாத்தா, தம்பி, எனக்குத் தலை சுத்திருச்சு. கொட்டகைக்குப் பின்னால சிமெண்டுத் தொட்டி கட்டி வச்சிருக்கு. எம்புட்டுப் பெருசுங்கறீங்க, நம்ம ரெண்டு பேரும் நீந்தலாம். உள்ள ரெண்டு எருமை மூக்கை மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு மினிஸ்டரு மாதிரி கெடக்கு.

"என்னக்கா இது? எருமைக்கு நீச்சல் குளமா?"

"வெயில் தாங்காதுடா அதுகளுக்கு. தண்ணியில கெடந்தாத்தான் தின்னது உடம்புல ஒட்டும்."

"தின்னது எப்படியும் உடம்புலதான்க்கா ஒட்டும். வேற எங்க போயி ஒட்டும்?"

அக்கா சாணியை அள்ளிக்கிட்டுப் போயிருச்சு.

அப்புறம் பாத்தா ஒவ்வொண்ணு காதுலயும் மஞ்சக் கலர்ல ஒரு வில்லை தொங்குது. இன்சூரன்ஸாம். எருமைக்குக் கம்மல்! பதினொரு எருமைக்கும் கம்மல் போட்டுப் பாக்குற சீமாட்டி எங்க அக்காவாத்தான் இருக்கும். மூணு மாசத்துக்கு ஒருக்காக் குடல்புழு மருந்து. தாது உப்புன்னு ஒரு பாக்கெட்டு. ஏங்க்கா, உப்புல என்ன தாது உப்பு, கடையில கல்லு உப்பு இல்லையான்னேன். மூக்குக்கு வேப்பெண்ணெய், கொம்புக்கு விளக்கெண்ணெய். இது போக வெள்ளிக்கிழமையானா ஒரு டாக்டரம்மா ஸ்கூட்டர்ல வந்து வயித்துல கையை வச்சுப் பாத்துட்டுப் போகும். நல்லா இருக்கிற மாட்டை என்னாத்துக்குப் பாக்கணும்? நல்லா இருக்குறது நமக்கே தெரியுதே!

நான் ஒவ்வொண்ணா நிறுத்துனேன். அன்பாத்தான் நிறுத்துனேன், சண்டை போடல. தொட்டிக்கு மோட்டாரை வாரத்துக்கு ஒருக்காப் போட்டாப் போதும்னேன். இன்சூரன்ஸு கெடு முடிஞ்சு புதுப்பிக்கணும்னு அக்கா பணம் குடுத்து அனுப்புச்சு. நான் கம்பத்துக்குப் போயி டீ கூடக் குடிக்காம அந்தப் பணத்தை அப்படியே திருப்பிக் கொண்டு வந்து கையில குடுத்தேன். "இந்தாக்கா, மிச்சம் பண்ணிட்டேன்"னேன். வேற அக்காவா இருந்தா கட்டிப் பிடிச்சிருக்கும். இது என் மூஞ்சியவே பாத்துச்சு. "அடுத்த வாரம் கட்டிருடா சூசை"ன்னுச்சு. பாப்போம்க்கான்னேன். அடுத்த வாரம், அடுத்த வாரம்னு நானும் நல்லபடியாத் தள்ளிக்கிட்டே வந்தேன்.

ஆனா பெரிய ஓட்டை தீவனம்தானே? அதை அடைக்காம மத்ததை அடைச்சு என்ன பிரயோசனம்? பச்சைப்புல்லு, வைக்கோலு, தவிடு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு. மாசத்துக்கு ஒரு வண்டி வந்து இறக்கிட்டுப் போகும். அந்த மூட்டையைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு ரூவா நோட்டாத்தான் தெரியும். பொய் சொல்லல. சோறு இறங்காது.

அப்பத்தான் ஐப்பசி மாசம் பொறந்துச்சு, கல்யாணமும் ஆரம்பிச்சிருச்சு. பைபாஸ்ல ஒரு மண்டபம். ஒரு நாள் அந்த வழியா வாரேன், பின்பக்கம் குழி தோண்டிச் சோத்தைக் கொட்டுறாய்ங்க. பொன்னி அரிசி தம்பி! பூ மாதிரி சோறு! நேரா மேனேஜரைப் போயிப் பாத்தேன், ஒச்சப்பன்னு பேரு. அவனுக்கு அதைத் தூர அள்ளிக் கொட்ட வண்டிச் செலவு. நான் அள்ளிக்கிட்டுப் போறேன்னதும் சாமியே நேர்ல வந்த மாதிரி பாத்தான். விடுவேனா? ஆட்டோ வாடகையை நீதான் குடுக்கணும்னுட்டேன். குடுத்தான்! யோசிச்சுப் பாருங்க, தீவனமும் சும்மா, வண்டியும் சும்மா. உலகத்துல எந்தப் பண்ணைக்காரனுக்கு இப்படி அமையும்?

முதல்ல ரெண்டு வாளி கொண்டு வந்தேன். அக்கா பாத்துட்டுச் சொல்லுச்சு, "கையளவு அள்ளி வைக்கோலோட பிசறிப் போடு. சோறு கூடிச்சுன்னா வயிறு புளிச்சுப் போயிரும். எருமை வயிறு நம்ம வயிறு மாதிரி இல்லடா."

பொம்பளைக்கு எப்பவும் பயம்தான். நான் ரெண்டு வாளியை மூணு ஆக்குனேன், தவிட்டைப் பாதியாக் குறைச்சேன். என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல! மாடெல்லாம் எண்ணெய் தேச்ச மாதிரி மினுமினுன்னு ஆயிருச்சு. அதுல ஒருத்தன், கேஷியர்னு நான் பேரு வச்சேன். ஏன்னா என்னைப் பாத்தா வந்து சட்டைப் பையில மூக்கை விடுவான். காசு இருக்கான்னு பாக்குறான்னு சொல்லிச் சிரிப்பேன். செலின் லீவுக்கு வந்தப்ப, "மாமா, உங்க பையில கை விட்ட ஒரே ஆளு இவன்தான்"னு சொல்லுச்சு. வாயாடிப் பிள்ளை.

கட்டப்பனையில இருந்து குரியாக்கோஸுன்னு ஒரு வியாபாரி வந்தான். பாக்க ஒரு தினுசா இருப்பான், அதிகம் பேச மாட்டான். ஒவ்வொண்ணு முதுகுலயும் கையை வச்சு, விலாவை அழுத்திப் பாத்து ஒரு விலையும் சொன்னான். "நல்ல போத்து, சேச்சி. கிறிஸ்மஸுக்கு மூணு நாள் இருக்கும்போ வண்டி கொண்டு வராம். அதுவரை தீவனம் மாத்த வேண்டா, கேட்டோ"ன்னு சொல்லிட்டுப் போனான். பாத்தீங்களா? நல்ல போத்துன்னு, அதாவது நல்ல எருமைக் கடான்னு, அவன் வாயாலயே சொன்னான். அந்த மினுமினுப்பு யாரு போட்ட சோறு?

கார்த்திகை மாசக் கடைசி முகூர்த்தம். மறுநாள் தாண்டுனா மார்கழி வந்துரும், அப்புறம் கல்யாணமே கிடையாது. எனக்கு அதுதான் கவலை. அன்னைக்கு அக்கா வீட்டுல இல்ல. செலினை ஹாஸ்டல்ல விட்டுட்டு, மிச்ச பீஸைக் கிறிஸ்மஸு முடிஞ்சதும் கட்டிருவோம்னு சொல்லிட்டு வாரேன்னு கோட்டயம் போயிருந்துச்சு. மறுநாள் மத்தியானம்தான் வரும். போகும்போது எங்கிட்டப் புல்லு இம்புட்டு, வைக்கோலு இம்புட்டுன்னு சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லிட்டுப் போச்சு.

அன்னைக்குப் பிடிச்சுது பாருங்க மழை! ஆயிரம் பேருக்குச் சமைச்சிருக்காய்ங்க, முந்நூறு பேரு வரல. ஒச்சப்பன் போன் போடுறான், "அண்ணே, உடனே வாங்கண்ணே, மலை மாதிரி கெடக்கு"ங்கறான். போயிப் பாத்தா எனக்குக் கண்ணு கலங்கிருச்சு தம்பி. சோறு, சாம்பாரு, பாயாசம், கேசரி, பூந்தி. தொடவே இல்ல ஒருத்தனும். ரெண்டு ஆட்டோ. முழுக்க ஏத்துனேன். கொண்டு வந்து தீவனத் தொட்டியில கொட்டுனேன். அம்புட்டையும் கொட்டுனேன். ஈரத்துல மறுநாளைக்குத் தாங்காதுல்ல, வீணாப் போயிருமே. அன்னைக்குப் புல்லும் போடல, வைக்கோலும் போடல. இலையில கல்யாணச் சாப்பாடு போட்டுட்டுப் பக்கத்துல வைக்கோலையும் வைப்பாய்ங்களா யாராவது?

தின்னுச்சுக பாருங்க. ஆகா. எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு. மில்லுல இருந்த முப்பது வருஷத்துல ஒரு நாளும் அப்படி நிறைஞ்சதில்ல. மழை பெய்யுது, பதினொண்ணும் வரிசையா நின்னு திங்குது, பத்துப் பைசா செலவில்ல. கேஷியருக்கு மட்டும் கேசரியைத் தனியா எடுத்து என் கையால குடுத்தேன். நாக்கு சொரசொரன்னு இருக்கும் அவனுக்கு. விரலு இடுக்கெல்லாம் நக்குனான்.

சாயங்காலம் ஒண்ணொண்ணாப் படுத்துருச்சு. அசை போடல. கழுத்தை விலாப் பக்கம் மடக்கி வச்சுக்கிட்டு ஒரு மாதிரி கெடந்துச்சுக. நீங்களும் நானும் கல்யாண வீட்டுல சாப்பிட்டாப் படுக்க மாட்டோமா? அப்படித்தான் நினைச்சேன். அக்கா கோட்டயத்துல இருந்து போன் பண்ணுச்சு.

"மாடெல்லாம் எப்படிடா இருக்கு?"

"ராஜா மாதிரி இருக்கு."

"அசை போடுதா?"

"போடுது, போடுது. நீ வையி, ரோமிங்ல காசு போகும்."

அதுல ரெண்டு மாடு பல்லை நறநறன்னு கடிச்சுச்சு. சாணி தண்ணியாப் போச்சு, புளிச்ச வாடை. எனக்கும் லேசா ஒரு யோசனைதான். கம்பத்துல ஒரு பிரைவேட் டாக்டர் இருக்காரு. மழையில வாரதுக்கு அவரு கேக்குற பீஸு இருக்கே, அதுக்கு ஒரு மூட்டை புண்ணாக்கே வாங்கிரலாம். விடிஞ்சா வெள்ளிக்கிழமை, கவர்மெண்டு டாக்டரம்மா வரும், சல்லிக்காசு குடுக்க வேண்டாம். ஒரு ராத்திரிதானே? நீங்களே சொல்லுங்க, ஒரு ராத்திரிக்காக அம்புட்டுக் காசைத் தூக்கிக் குடுப்பீங்களா? அங்கிட்டுத் திரும்பிக்கிட்டீங்க. சரி.

விடியக்காலம் போயிப் பாத்தா நாலு செத்துக் கெடக்கு.

டாக்டரம்மா வந்துச்சு. ஸ்கூட்டரை நிறுத்துறதுக்கு முன்னாடியே கேட்டுச்சு, "என்ன குடுத்தீங்க?"

"சாப்பாடுதான் மேடம். சுத்தமான சைவச் சாப்பாடு."

தீவனத் தொட்டியை எட்டிப் பாத்துச்சு. பாட்டிலைத் தொங்க விட்டு ஊசி குத்துச்சு, ஆப்பசோடாவைக் கரைச்சு வாயில ஊத்தச் சொல்லுச்சு. அதோட சும்மா இருக்கலாமில்ல? "நேத்து சாயங்காலமே கூப்பிட்டிருந்தா முக்காவாசி பொழைச்சிருக்கும்"னு ஒரு வார்த்தை. எல்லா டாக்டரும் சொல்ற பாட்டுதான் இது. மனுச டாக்டரும் இதைத்தான் சொல்லுவாய்ங்க, மாட்டு டாக்டரும் இதைத்தான் சொல்லுவாய்ங்க. முன்னாடியே கூப்பிட்டா முன்னாடியே பீஸு, அம்புட்டுத்தான்.

மத்தியானத்துக்குள்ள இன்னும் மூணு. அதுல கேஷியரும் ஒருத்தன். கடைசியில என்னைப் பாத்துத் தலையைத் தூக்குனான். எந்திரிக்க முடியல. மூக்கை நீட்டுனான், சட்டைப் பை வரைக்கும் எட்டல. எனக்கு அழுகை வந்துருச்சு தம்பி. ஒளிச்சு என்ன ஆகப் போகுது. அவன் தலையை மடியில வச்சுக்கிட்டு அழுதேன். சம்சாரம் போனப்ப வரல, மில்லு மூடுனப்ப வரல, ஒரு எருமைக்கு அழுதேன். யாருகிட்டயும் சொல்லாதீங்க.

அப்பத்தான் அக்கா பஸ்ஸை விட்டு இறங்கி வந்துச்சு. கையில ஒரு பை, கோட்டயத்துல இருந்து எனக்கு நேந்திரங்காய் சிப்ஸு வாங்கியாந்திருக்கு. வாசல்ல நின்னு பாத்துச்சு. கத்தல. மாரடிச்சு அழுதிருந்தாலும் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். பையைக் கீழ வச்சுட்டு, சேலையை இழுத்துச் சொருகிட்டு, உசிரோட கெடந்த நாலு மாட்டுக்கும் டாக்டரம்மாவோட சேந்து சோடாத் தண்ணி ஊத்துச்சு. அந்த நாலு பொழைச்சுச்சு. அதை யாரும் பேச மாட்டாய்ங்க. நாலு பொழைச்சுச்சு தம்பி.

அப்புறமும் செலவு நிக்கல பாருங்க. ஏழு மாட்டைப் புதைக்க ஜேசிபி கூப்பிட்டுச்சு. நான் சொன்னேன், "அக்கா, ஜேசிபிக்காரன் மணிக்கணக்குல வாங்குவான். ரெண்டு ஆளு மண்வெட்டியோட வந்தா ரெண்டு நாள்ல தோண்டிருவான். இல்லாட்டி தோலுக்காரனுக்குச் சொல்லி விடுவோம், தோலுக்காவது காசு வரும்"னேன். நியாயமான பேச்சுத்தானே? டாக்டரம்மா அங்கன நின்னு என்னைப் பாத்த பார்வை இருக்கே, நான் என்னவோ குழியில படுக்க வேண்டியவன் மாதிரி. பொம்பளைங்களுக்கு உணர்ச்சிதான் முதல்ல, கணக்கு அப்புறம்.

இன்சூரன்ஸை வச்சு ஒரு பேச்சு வரும்னு நானும் தயாரா இருந்தேன். வரவே இல்ல. செத்த மாட்டுக் காதுல இருந்த அந்த மஞ்ச வில்லையை அக்கா ஒண்ணொண்ணாத் தடவிப் பாத்துச்சு, அம்புட்டுத்தான். நல்லவேளை, நானும் ஞாபகப்படுத்தல.

குரியாக்கோஸு சொன்ன நாள்ல வண்டி கொண்டு வந்தான். கொட்டகையில நாலுதான் நிக்குது, அதுவும் வத்திப் போயி எலும்பும் தோலுமா. நான் ஒரு விலையை மனசுல குறைச்சு வச்சிருந்தேன், அதுக்கு மேல அவன் தர மாட்டான்னு தெரியும். அவன் மடிச்சுக் கட்டின வேட்டியை இறக்கி விட்டுட்டு, குழி மூடுன இடத்துல போயி நின்னான். அப்புறம் வந்து, முன்ன பேசுன விலையையே அந்த நாலுக்கும் எண்ணி அக்கா கையில குடுத்துட்டுப் போறான்! அந்த உடம்புக்கு அந்த விலையா? இவனெல்லாம் என்ன வியாபாரி? சீக்கிரம் தொழிலை விட்டு ஓடிருவான், பாத்துக்கிட்டே இருங்க.

அந்தப் பணம் தீவனக் கடைப் பாக்கிக்கே போதல. அக்கா தன் கம்மலைக் கழட்டிக் குடுத்து அடைச்சுச்சு. அடுத்த நாள் காலையில எனக்குச் சுடச்சுட இட்லி வச்சுக் குடுத்துச்சு. நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எதுத்தாப்புல உக்காந்திருந்துச்சு. பாத்தா என் பை வாசல்ல இருக்கு. துணியெல்லாம் மடிச்சு வச்சு.

"சூசை, நீ இதுவரைக்கும் எனக்கு மிச்சம் பண்ணிக் குடுத்தது போதும்டா. கிளம்பு"ன்னுச்சு.

இதுதான் தம்பி மனுசங்க! ஒரு பைசா சம்பளம் வாங்கல. ராத்திரி பகலாக் கெடந்து உழைச்சேன். அம்புட்டு மாசம் செலவைக் குறைச்சது கணக்குல இல்ல, ஒரு நாள் நடந்ததுதான் கணக்குல இருக்கு. சரி, தப்பு யாரு மேலங்கறீங்க? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். மழை பெய்யும்னு டிவியில சொல்றான். தெரிஞ்சும் ஆயிரம் பேருக்கு வடிச்சுக் கொட்டினது யாரு? பொண்ணு வீட்டுக்காரன். செலவுக் கட்டுப்பாடு அங்க இல்ல. அவன் அளவாச் சமைச்சிருந்தா எங்க அக்கா மாடு ஏன் சாகுது?

என்ன பையையே பாக்குறீங்க? இதா? கயிறு. கேஷியர் கழுத்துல கெடந்தது. நல்ல நைலான் கயிறு, புதுசு, அதையும் சேத்துக் குழியில போடப் பாத்தாய்ங்க. நான்தான் அவுத்து வச்சேன். எதுக்காவது ஆகும். இல்ல, இதை வேற மாட்டுக்குக் கட்ட மாட்டேன். எதுக்காவது ஆகும்.

அப்புறம் ஆறு மாசம் கம்பத்துலதான் கெடந்தேன். இப்ப வத்தலக்குண்டுல சித்தப்பா மகன் ஆட்டுப் பண்ணை போட்டிருக்கான். அவனும் கூப்பிடல. ஆனா அவன் செலவு பண்றதைக் கேள்விப்பட்டேன், மனசு பொறுக்கல, அதான் கிளம்பிட்டேன். அங்க ஒரு ரெண்டு மாசம் இருப்பேன். உங்க நம்பரைக் குடுங்க. எட்டு எருமைன்னா உங்களுக்கு ஒரு ஆளு வேணும்ல? எனக்குச் சம்பளம் வேண்டாம். படுக்கக் கொட்டகையில ஒரு கட்டில், மூணு வேளைச் சாப்பாடு. வீட்டுல மீந்தது இருந்தாலும் போதும், நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

என்ன கேட்டீங்க? செலினா? அது நல்லாத்தான் இருக்கு. படிப்பு நின்னுருச்சு. கட்டுன முதல் தவணையைத் திருப்பித் தர மாட்டோம்னுட்டாய்ங்க காலேஜுல. எனக்கு அதுதான் இன்னைக்கு வரைக்கும் ஆத்திரம், படிக்காத படிப்புக்கு எதுக்குப் பணம்? இப்பத் திண்டுக்கல்லுல ஒரு மில்லுல இருக்கு. எனக்கு அங்க ஸ்டோர்ல பழைய சிநேகிதன் இருந்தான், நான்தான் பேசி அக்காகிட்டச் சொல்லி விட்டேன். ஹாஸ்டல் சும்மா, சாப்பாடு சும்மா. நாலு வருஷம் படிச்சு அப்புறம் சம்பாதிக்கிறதை இப்பவே சம்பாதிக்குது. கணக்குப் பாத்தா அந்தப் படிப்புச் செலவு அம்புட்டும் அக்காவுக்கு மிச்சம்.

என்ன, எந்திரிச்சிட்டீங்க? இது தேனிதானே. திண்டுக்கல்லு இன்னும் எம்புட்டோ தூரம் கெடக்கு. காத்து வேணுமா? ஜன்னல் பக்கம் நீங்கதானே இருக்கீங்க. இறங்குறீங்களா? ஏன் தம்பி, டிக்கெட்டு திண்டுக்கல்லு வரைக்கும் எடுத்தீங்களே, அம்புட்டுக் காசும் வீணாப் போகுதே! நம்பர் தர மாட்டீங்களா? சரி, வேண்டாம். இருங்க, இருங்க. கண்டக்டரு, ஒரு நிமிஷம் நிறுத்துப்பா.

அந்த டிக்கெட்டையாவது எங்கிட்டக் குடுத்துட்டுப் போங்க. என் டிக்கெட்டு வத்தலக்குண்டு வரைக்கும்தான். அதுக்கு மேல திண்டுக்கல்லுக்குக் காசு குடுக்கணுமேன்னுதான் நான் போகாமலே இருக்கேன். போன் போட்டாலும் செலின் எடுக்குறதில்ல, மில்லுல வேலை அதிகம்போல. ஸ்டாண்டுல இருந்து மில்லு நடந்து போற தூரம்தான். குடுங்க தம்பி. பிள்ளையைப் பாத்துட்டு வந்துருவேன்.